பரிசு வாங்கிய சிரிப்பு

படத்துக்குப் பரிசு கிடைத்துவிட்டது என்று கணக்கெழுதும் கிராணி சேது காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வாசித்த நாளிலிருந்து நவமணிக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய வாசலை மறுபடியும் கூட்டினாள். குழம்புக்கு உப்புப் போட்டோமா என்று சந்தேகப்பட்டு இரண்டாம் தடவையும் போட்டாள். சோமு ஒரு வாய் எடுத்து வைத்துவிட்டுப் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான். ரசத்தை ஊற்றிக்கொண்டான். குழாயடிக்குப் போனவள் குடத்தை எடுக்காமல் போய்விட்டுப் பாதி வழியில் திரும்பி வந்தாள்.

தோட்டத்தில் மற்ற எல்லோருக்கும் அது கொண்டாட்டம். ஐரோப்பாவில் எங்கோ ஓர் ஊரில் அறிவியல் படங்களுக்கென்றே விழா நடத்துகிறார்களாம். எரிமலை, நட்சத்திரம், ஆழ்கடல் மீன், நெஞ்சைப் பிளந்து தைக்கும் வைத்தியம் என்று உலகத்துப் படமெல்லாம் போட்டிக்கு வந்திருந்தனவாம். அவற்றுக்கு நடுவே மலாய் நாட்டில் புக்கிட் ரோத்தான் பக்கத்து மூங்கில்கட்டைத் தோட்டத்துச் செம்பனையும் அதன் பூவில் ஊரும் வண்டும் போய் உட்கார்ந்து பரிசைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டன. வருகிற ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். தோட்டத்தை நடத்தும் துரை வருகிறார். கோழிச் சோறும் சர்பத் போன்ற சிராப்புத் தண்ணீரும் உண்டு.

இதில் கலங்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். அந்தப் படத்தில் நவமணி பேசியிருக்கிறாள். அதுதான் இருக்கிறது.

செம்பனையை ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்ட பெரிய மனிதர்கள், அதன் பூவுக்கு வேலை பார்க்கும் வண்டைக் கொண்டுவர மறந்துவிட்டார்கள். வண்டு இல்லாமல் காய் பிடிக்குமா? அந்த வேலையைத் தோட்டத்துப் பெண்கள் செய்தார்கள். ஆண்பூவின் தூளை மாவோடு கலந்து நீளக் குழாய் வைத்த புட்டியில் அடைத்துக்கொண்டு, மரம் மரமாகப் போய், முள்ளை விலக்கி, பெண்பூவின் மேல் ஊதவேண்டும். கை கிழியும், முதுகு வலிக்கும். ஆனாலும் பேசிச் சிரித்துக்கொண்டு செய்கிற வேலை. நவமணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத்தான் செய்தாள். எந்தப் பூ இன்றைக்கு, எந்தப் பூ நாளைக்கு என்று அவளும் அன்னம்மாவும் பந்தயம் கட்டுவார்கள்.

பிறகு விஞ்ஞானிகளுக்கு ஞாபகம் வந்தது. எண்பத்திரண்டில் வண்டு கண்ணாடிப் பெட்டியில் இந்தத் தோட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. வண்டுக்குச் சம்பளம் கிடையாது, லயத்தில் வீடு கிடையாது, பிள்ளைப்பேற்று விடுப்பும் கிடையாது. தோட்ட நிர்வாகத்துக்கு இதைவிட நல்ல தொழிலாளி எங்கே கிடைக்கும்? பூவுக்கு ஊதிய பெண்கள் எல்லாரையும் புல்லுக்கு மருந்தடிக்கப் போட்டார்கள். முதுகில் பம்பு, கையில் குழாய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கம் மருந்து. சில மாதங்களில் அன்னம்மாவின் விரல் நகங்கள் கறுத்துச் சுருங்கி, ஒவ்வொன்றாகக் கழன்றன.

அதற்கு அடுத்த வருஷம் படக்காரர்கள் வந்தார்கள். சினிமா எடுக்கப்போகிறார்கள் என்று வேலையை மேற்பார்வை பார்க்கும் மண்டோர் தங்கராஜு சொன்னார். சினிமா என்றால் பெண்களுக்கு என்ன தோன்றும்? கல்யாணப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்தார்கள். கழுத்தில் நகை, அடகுக் கடைக்குப் போனதுபோக மிச்சமெல்லாம் ஏறியது. முகத்தில் பவுடர், தலை நிறையப் பூ. முள்ளும் சேறுமாகக் கிடந்த செம்பனைக் காட்டுக்குள் ஒரு கல்யாணக் கூட்டம் வரிசையாக நடந்து வருவதைப் பார்த்த தொப்பி போட்ட இயக்குநர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவரோடு வந்திருந்த சந்திரிகாதான் ஓடி வந்தாள். ரவாங்கில் வளர்ந்த பெண். அப்பா பத்தாங் காலியில் ரப்பர்ப் பால் வெட்டியவர். படக் கம்பெனியில் தமிழ் பேச ஆள் வேண்டும் என்று சேர்த்திருந்தார்கள்.

"அக்கா, வேலைக்குப் போற மாதிரி வரணும்கா."

"வேலைக்குப் போற மாதிரியா? அத யாரும்மா பாப்பாங்க?" என்றாள் அன்னம்மா.

எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே போய் மாற்றிக்கொண்டு வந்தார்கள். அன்னம்மா மட்டும் பூவை எடுக்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பழையபடி பூவுக்கு ஊதிக் காட்டச் சொன்னார்கள். புட்டி கிடைத்தது, பூத்தூளுக்கு எங்கே போவது? அன்னம்மா வீட்டு முகப் பவுடரை அடைத்து ஊதினார்கள். காடே மணத்தது. அறிவியலுக்கு அவள் செய்த இந்த உதவியை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

கடைசியில் சந்திரிகா ஒலிவாங்கியை நீட்டி, "வண்டு வந்தபெறகு எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டாள். கேட்டிருக்கக்கூடாது, கேட்டுவிட்டாள். நவமணிக்கு எங்கிருந்துதான் அத்தனை வந்ததோ, அன்னம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கிக் கேமராவுக்கு நேராகக் காட்டி, மூச்சு விடாமல் பேசித் தீர்த்தாள்.

நவமணியின் முகவாகைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கோபம் ஏறினால் அவளுக்கு உதடு இழுத்துக்கொண்டு பல்வரிசை முழுதும் தெரியும், கன்னத்தில் குழி விழும். புதிதாகப் பார்க்கிறவர்கள், என்ன சந்தோஷமான பெண் என்றுதான் நினைப்பார்கள். கல்யாணமான புதிதில் சோமுவும் அப்படி நினைத்துப் பதிலுக்குச் சிரித்திருக்கிறான். சட்டி பறந்து வந்த பிறகுதான் தெளிந்தான். தோட்டத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

படம் எடுத்த அன்று சாயங்காலமே மண்டோர் தங்கராஜு வீட்டு வாசலுக்கு வந்தார். நவமணியிடம் பேசவில்லை. சோமுவிடம்தான் பேசினார்.

"சோமு, ஒன் சம்சாரம் பேசுனது படத்துல வந்துச்சுன்னு வையி, தொரை பாப்பாரு. பாத்தாருன்னா நீ குலை வெட்டவும் வேண்டாம், இந்த வீட்டுல இருக்கவும் வேண்டாம். நான் சொல்லிட்டேன். பெறகு எங்கிட்ட வந்து நிக்காத."

வீடு சோமுவின் பெயரில் இருந்தது. வேலை போனால் வீடும் போகும். லயத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். இரண்டு பிள்ளைகளையும் சட்டி பானையையும் தூக்கிக்கொண்டு எங்கே போவது? சோமு அன்று கத்தவில்லை. "பேசுறதுக்கு முந்தி எங்களக் கொஞ்சம் நெனச்சிருக்கலாம் புள்ள," என்று மட்டும் சொன்னான். கத்தியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

ஒரு வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. படம் வந்ததாகவும் தெரியவில்லை. அடங்கிக் கிடந்த பயம், பரிசு என்ற சொல்லோடு எழுந்து உட்கார்ந்துகொண்டது. பேசியது படத்தில் இருக்கக்கூடாதே என்று மாரியம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். கோயிலைவிட்டு இறங்கும்போதே, இல்லாமல் போனால் என்ன அர்த்தம், பேசியதெல்லாம் வீணா என்று மனசு கேட்டது. செருப்பைப் போடாமலே கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நாம வேணும்னா ஞாயித்துக்கெழம கெர்லிங்குக்கு ஒங்க அக்கா வீட்டுக்குப் போயிரலாங்க," என்றாள் சோமுவிடம்.

"போனா மட்டும்? படம் ஓடாமயா இருக்கும்? இங்கயே இருந்து என்ன வருதோ பாப்போம்," என்றான் சோமு. அவனும் சரியாகத் தூங்கவில்லை என்பது அவன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மண்டபத்தின் சன்னல்களைக் கித்தானால் மூடி இருட்டாக்கினார்கள். உள்ளே வெந்தது. முன்வரிசையில் துரைக்கும் அவர் மனைவிக்கும் மெத்தை வைத்த நாற்காலி. மேடையில், கண்ணாடியில் செய்த பரிசு ஒரு மேசைமேல் நின்றது. வண்டு உருவமாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு அது வெறும் முக்கோணமாக இருந்ததில் ஏமாற்றம். பின்னால் படம் ஓட்டும் நடராஜா மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோட்டம் தோட்டமாக வேனில் போய்ப் படம் காட்டுகிறவர். அவர் பக்கத்தில் சந்திரிகா நின்றாள்.

நவமணி கூட்டத்தை இடித்துக்கொண்டு அவளிடம் போனாள்.

"தங்கச்சி, நான் பேசுனது இருக்கா?"

சந்திரிகா அவளைப் பார்க்காமல், "ரொம்ப அழகா வந்திருக்கீங்கக்கா," என்றாள்.

"அழக யாரு கேட்டா? பேசுனது இருக்கா இல்லையா?"

"நான் அப்படியே மலாய்ல எழுதித்தான் குடுத்தேன்கா. முடிவு பண்றது நானில்ல." அவள் குரல் இறங்கிவிட்டது. "பாருங்க. நீங்களே பாருங்க."

இது என்ன பதில்? இருக்கிறதா, இல்லையா? நவமணி வந்து சோமுவுக்கும் அன்னம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

துரை மேடையேறி, பரிசு கொடுத்த நடுவர்கள் எழுதிய பாராட்டை மலாயில் வாசித்தார். கிராணி சேது அதைத் தமிழில் சொன்னார். கருவிகளும் கண்ணாடிக் குழாய்களும் நிறைந்த எத்தனையோ படங்களுக்கு நடுவே, பூச்சூடிய தன் தோழியின் கையை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் ஒரு தொழிலாளிப் பெண்ணின் முகம் நடுவர்களை உருக்கிவிட்டதாம். அறிவியல் மனிதனின் சுமையை இறக்கி வைத்ததற்கு அந்தச் சிரிப்பே சாட்சியாம். அதற்காகவே இந்தப் பரிசாம்.

கூட்டம் திரும்பி நவமணியைப் பார்த்தது. "எப்ப லா நீ சிரிச்ச?" என்று அன்னம்மா காதில் கேட்டாள்.

படம் தொடங்கியது. வண்டு திரை முழுக்க மாடு மாதிரி நின்றது. பிள்ளைகள் அலறிச் சிரித்தார்கள். பூ விரிந்தது, குலை பழுத்தது, ஆய்வுக்கூடத்தில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் வண்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எண்ணினார்கள். பெண்கள் முகப் பவுடரை ஊதும் காட்சி வந்ததும் அன்னம்மா, "ஏய், அது என் பவுடரு!" என்று கத்தினாள். துரையின் மனைவி கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்தது நவமணியின் முகம். அத்தனை பெரிய முகம். உதடு அசைகிறது, பல் தெரிகிறது, கன்னத்தில் குழி விழுகிறது. வருகிற குரலோ அவளுடையது இல்லை. வானொலியில் சமையல் குறிப்பு சொல்வது போல ஒரு பெண்குரல் மலாயில் பேசியது. 'வண்டு வந்ததிலிருந்து எங்கள் கஷ்டம் தீர்ந்தது. இப்போதெல்லாம் குடும்பத்தோடு இருக்க நேரம் கிடைக்கிறது. நானும் என் தோழியும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.' திரையில் நவமணி அன்னம்மாவின் கையைத் தூக்கினாள். கை உயர்ந்ததும் படம் வேறு காட்சிக்குத் தாவியது. விரல்கள் தெரியவே இல்லை.

சோமு நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு விட்டான். "தப்பிச்சோம்," என்றான். நவமணியும் மூச்சு விட்டாள். வீடு இருக்கிறது. வேலை இருக்கிறது. அம்மன் கேட்டுவிட்டாள். ஆனால் அந்த மூச்சு வெளியே போன இடத்தில் வேறு எதுவோ வந்து நிறைந்தது. அவமானமாக இருந்தது. தன் வாயை வாடகைக்கு எடுத்து யாரோ குடியிருந்துவிட்டுப் போனது போல இருந்தது. இதற்கு அந்தப் பேச்சு அப்படியே வந்து வீட்டைக் காலி செய்திருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தாள், நினைத்ததும் பயந்துபோனாள்.

கூட்டம் மட்டும் சும்மா இருக்கவில்லை. மலாய்க் குரல் என்ன சொன்னாலும் தோட்டத்துக்குத் தெரியாதா நவமணியின் முகம்?

"டேய், நவமணி கோவமா இருக்குடா!"

"பயங்கரக் கோவம் லா! யாரத் திட்டுது?"

"திரும்பப் போடு! திரும்பப் போடு!"

தோட்டத்துப் படக் காட்சிகளில் இது ஒரு சட்டம். பிடித்த இடம் வந்தால் கூட்டம் கத்தும், ஓட்டுகிறவர் திரும்பப் போட்டே ஆகவேண்டும். மறுத்தால் வேன் டயரில் காற்று இருக்காது. நடராஜாவுக்கு அந்த அனுபவம் உண்டு. அவர் துரையைப் பார்த்தார். தன் படத்துக்கு இத்தனை வரவேற்பா என்று துரைக்கு வாயெல்லாம் பல். போடச் சொல்லிக் கையசைத்தார்.

படம் பின்பக்கமாக ஓடியது. உயர்ந்திருந்த கை இறங்கியது. திரையில் நவமணி பேசிய பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாக வாய்க்குள் திரும்ப வாங்கி விழுங்கினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நடராஜா நிறுத்தி, மறுபடி முன்னால் ஓடவிட்டார். சந்திரிகாவின் கை மெஷின் பக்கம் போனதை நவமணி திரும்பிப் பார்த்தாள். ஒலித் திருகை அந்தப் பெண் கடைசி வரை குறைத்துத் திருகிவிட்டாள். சமையல் குறிப்புக் குரல் இல்லை. மெஷின் ஓடும் கடகட சத்தம் மட்டும்தான். திரையில் முகம் வந்துவிட்டது, உதடு அசையத் தொடங்கிவிட்டது.

நவமணி எழுந்தாள். சோமு அவள் முழங்கையைப் பிடித்தான். "ஒக்காரு புள்ள. ஒன்னக் கும்புடுறேன், ஒக்காரு."

அவள் கையை உதறவில்லை. அவன் பிடித்திருக்க அப்படியே நின்று, அன்று கேமராவிடம் பேசியதையே பேசினாள்.

"வண்டு மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அது அதோட வேலையப் பாக்குது." முதலில் திரையில் அசையும் உதட்டுக்குப் பின்னால் ஓடினாள், அடுத்த வரியில் பிடித்துவிட்டாள். திரையிலிருந்த வாயும் தரையிலிருந்த வாயும் ஒன்றாக அசைந்தன. "எங்கள மருந்தடிக்கப் போட்டீங்களே, கைக்கு ஒரு ஒற குடுத்தீங்களா? காத்து திரும்புனா மருந்து எங்க மூஞ்சிலதான். மூக்குல ரத்தம் வந்தா, துணிய வெச்சு அமுக்கிக்கிட்டு அடின்றாரு மண்டோரு. வண்டுக்குக் கண்ணாடிப் பொட்டி, காத்தோட்டம், கணக்குப் பாக்க ஆளு. எங்களுக்கு என்ன பாத்தீங்க? இந்தா, இவ கையப் பாருங்க. நகம் எங்க?"

அன்னம்மா அவள் தூக்கும்வரை காத்திருக்கவில்லை. தானே எழுந்து, நகமில்லாத பத்து விரலையும் மெஷின் வெளிச்சத்துக்குள் நீட்டினாள். திரையின் பாதியை அந்தக் கைகளின் நிழல் மறைத்தது.

நடராஜா மெஷினை நிறுத்தினார். யாரோ ஒரு சன்னல் கித்தானை விலக்கிவிட, வெயில் உள்ளே விழுந்தது. துரை எழுந்து திரும்பினார். முகத்தில் ஈயாடவில்லை. அவள் பேசியது என்னவென்று கிராணியைக் கேட்டார். கிராணி சேது இருபது வருஷமாகத் துரைமார் சொல்வதைத் தொழிலாளிகளுக்குச் சொல்லியே பழகியவர்; இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "ஏதோ உறை, கையுறை..." என்று இழுத்தார். மண்டோர் தங்கராஜு கதவோரமாக நகர்ந்தார்.

துரை அடுத்த கேள்வியைக் கேட்டார். அவள் யாருடைய மனைவி?

அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. வீடு யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி அது. நவமணி சோமுவைக் குனிந்து பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். இனிமேல் இவன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தாள். அவன் கை இன்னும் அவள் முழங்கையைப் பிடித்திருந்தது.

சோமு அவள் முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"என் பொண்டாட்டிதான் தொரை," என்றான்.

பிறகு பின்பக்கம் திரும்பினான். "நடராஜாண்ணே, இன்னொருக்கா போடுங்க. தொரைக்குச் சரியா கேக்கல."